பங்கு போட்ட பத்தியம்

பல்லக்குத் தூக்குவதில் மேலக்குறிச்சி நால்வரை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆளில்லை. மற்ற எதிலும் அவர்களை மிஞ்சாத ஆளில்லை. முன்பக்க வலத்தோள் மாசிலாமணியுடையது. அவருக்கு இடப்புறம் கோதண்டம். பின்னால் திருமேனியும் ஆபத்சகாயமும். ஒருவருக்குப் பாரம் என்றால் நால்வரும் பங்கு போட்டுக்கொள்வது அவர்களுடைய தொழில் முறை.

அந்த ஆண்டு மாசிலாமணிக்கு வெறுந்தோளோடு நடந்தாலே மூச்சு வாங்கியது. டாக்டர் வாசுகி அவரை எடை பார்த்துவிட்டு, திருவிழாவுக்குள் எடை குறையாவிட்டால் பல்லக்குத் தூக்கக் கூடாது என்றார். ஓர் ஆண்டு விட்ட இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்பது கோயில் வழக்கம்.

டாக்டர் பொறுமையாகவே விளக்கினார். இரும்பில் துரு ஏறுவதுபோல் உடம்பின் அணுக்களிலும் ஒரு தேய்மானம் உண்டு. நெல்லிக்காய், கீரை, பப்பாளி ஆகியவற்றில் உள்ள ஆன்டி-ஆக்ஸிடன்ட் அதைத் தணிக்க உதவும். தினமும் வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும். வடை கூடாது.

துரு என்றதும் கோதண்டம் விழித்துக்கொண்டார். பல்லக்கின் இரும்பு வளையங்களைப் பராமரிப்பவர் அவர்தான். அதே முறைப்படி மாசிலாமணிக்கு எண்ணெய் பூசி, குளிக்கத் தடை விதித்து, மழை தூறியபோது தார்ப்பாயால் மூடினார்கள். உள்ளே வேர்த்துக் கொட்டுகிறது என்று மாசிலாமணி முனகினார்.

“வேர்க்கணும்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க,” என்றார் திருமேனி.

அடுத்து, நடைப்பயிற்சி விவாதத்துக்கு வந்தது.

“இவ்வளவு நடையை அண்ணன் ஒருத்தரே எப்படித் தாங்குவாரு?” என்றார் ஆபத்சகாயம்.

“அப்ப நாம எதுக்கு இருக்கோம்?” என்றார் கோதண்டம்.

அன்று முதல் மாசிலாமணியின் நடையையும் மூவரே நடந்தார்கள். அவர் டீக்கடை பெஞ்சில் அமர்ந்து, யாரும் குறுக்கு வழியில் திரும்பிவிடாமல் கண்காணித்தார். நெல்லிக்காயின் புளிப்பையும் கீரையின் கசப்பையும் அவர் நாக்குக்குத் தராமல் மூவரே தின்று தீர்த்தார்கள். வடையைத் துறக்கும் துன்பத்தையும் அவர்களே ஏற்றார்கள். கோயிலில் தினமும் தரும் பிரசாத வடையை எறிவது பாவம். ஆகவே அவர்கள் துறந்த வடைகளெல்லாம் மாசிலாமணியின் இலைக்கு வந்தன. இப்படிப்பட்ட சிநேகிதர்கள் யாருக்கு வாய்ப்பார்கள் என்று கண் கலங்கியபடியே அவர் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

திருவிழாவுக்கு முதல் நாள் எடை பார்த்தார்கள். மூவரும் கொத்தவரங்காயாக இளைத்திருந்தார்கள். மாசிலாமணி ஏறியதும் முள் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது.

“நாலு பேரையும் கூட்டிப் பாருங்கம்மா,” என்றார் கோதண்டம். “மொத்தத்துல குறைஞ்சிருக்கும்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, மாசிலாமணி எந்தப் பாரத்தையும் சுமந்து நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே வந்த மாசிலாமணி, அப்பா காலத்திலிருந்து வந்த இடம் போயிற்றே என்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கோதண்டம் அந்தத் துண்டை விலக்கினார்.

“சுமந்து நடக்கத்தானே கூடாது? அண்ணன் சுமக்கட்டும். நடக்கிறதை வேற ஆளு பாத்துக்கட்டும்.”

மறுநாள் மாசிலாமணியை ஒரு நாற்காலியில் அமர்த்தி, ஊர்க்காரர்கள் இருவர் தங்கள் தோள்மேல் தூக்கினார்கள். பல்லக்கின் தண்டு அவர் தோளில் ஏறியது. உடனே சுவாமி இடப்பக்கம் சாய்ந்தார். குருக்கள் அலறவே, கோதண்டத்துக்கும் ஒரு நாற்காலி வந்தது. அவரையும் வேறு இருவர் தூக்கினார்கள். இப்போது சுவாமி பின்பக்கம் சரிந்தார். ஆகவே திருமேனியும் ஆபத்சகாயமும் அவ்வாறே ஏற்றப்பட்டார்கள்.

பல்லக்கு மாடி ஜன்னல்களின் உயரத்தில் மிதந்து சென்றது. மாடியிலிருந்த பெண்கள் ஜன்னல் வழியாகவே சுவாமிக்குத் தேங்காய் பழம் நீட்டினார்கள். தன் இடம் தன்னிடமே இருந்ததில் மாசிலாமணிக்கு மனம் நிறைந்துவிட்டது.

இரண்டாவது தெருவில் பல்லக்கு தள்ளாடியது. கீழே இருந்த எட்டுப் பேருக்கும் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியது. கோதண்டம் குனிந்து பார்த்தார்.

“பாவம், இவங்களுக்கும் சுமந்து நடக்கிறது ஒத்துக்கல போலிருக்கு அண்ணே.”

மாசிலாமணி சிறிதும் தயங்கவில்லை. அவர் தொழில் முறை அறிந்தவர்.

“பல்லக்கு அப்படியே இருக்கட்டும்,” என்று மேலிருந்து உத்தரவிட்டார். “ஓடிப்போய் இன்னும் எட்டு நாற்காலி கொண்டாங்க.”