பூவிழி சொன்ன சொல்

ஒன்பது வயதுப் பூவிழிக்கு ஐந்தாறு சொற்களே பேச வரும். அவையும் நமக்குத் தெரிந்த பொருளில் வராது. காக்கா காட்டிச் சோறு ஊட்டியதால் ‘காக்கா’ என்றால் சோறு. ‘போ’ என்றால் ‘போகலாம் வா’. இந்தப் பேச்சு புரிந்தவர்கள் இரண்டே பேர்: பெற்றவள் செண்பகவல்லி, காப்பகத்தில் ஒன்றரை வருடமாகப் பேச்சுப் பயிற்சி தரும் ஜெசிந்தா.

தாயின் உரிமையை நிரந்தரமாக நீக்கக் கோரிய வழக்கில் அன்று தீர்ப்பு. சித்தாள் வேலைக்குப் போகும்போதெல்லாம் செண்பகவல்லி மகளைப் பழம்புடவையால் ஜன்னல் கம்பியில் கட்டிவைத்துப் போவாள். ஒருநாள் கட்டிய நிலையிலேயே வலிப்பு வந்து பூவிழியின் கை ஒடிந்தது. அதன்பிறகுதான் அவளைக் காப்பகத்தில் சேர்த்தார்கள்.

“வலிப்பு மாத்திரையை ஏன் நிறுத்துனீங்க?” என்றார் நீதிபதி.

“அதத் தின்னா புள்ள நாள் பூரா தூங்குதுய்யா. எம் மொகத்தக்கூடப் பாக்க மாட்டேங்கு.”

“இனிமே குடுப்பீங்களா?”

“குடுக்கச் சொன்னா குடுக்கேன்.”

சாட்சியாக வந்திருந்த ஜெசிந்தா அந்தக் குரலை நம்பவில்லை.

குழந்தையை அழைத்து வந்தார்கள். பூவிழி நேரே தாயிடம் போனாள். இரண்டு கைகளாலும் அவளை வாசல் பக்கம் தள்ளினாள். “போ” என்றாள். பிறகு உரக்க, “போ! போ!”

“பெத்தவளையே விரட்டுது பாருங்க” என்றார் அரசு வக்கீல்.

“ஐயோ, போலாம்னு கூப்பிடுதுய்யா! டீச்சர், சொல்லுங்க டீச்சர். ஒங்களுக்குத் தெரியும்லா!”

நீதிபதி ஜெசிந்தா பக்கம் திரும்பினார். “குழந்தை என்னம்மா சொல்லுது?”

தெரிந்ததைச் சொன்னால் பூவிழி இன்றைக்கே அந்த ஜன்னலுக்குத் திரும்பிவிடுவாள் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது.

“‘போ’ன்னு சொல்லுது, சார்.”

நீதிபதி எழுதத் தொடங்கினார். காவலர் வந்து செண்பகவல்லியின் தோளைத் தொட்டு வெளியே நடத்தினார். அவள் பின்னால் ஓடப் பார்த்த பூவிழியைக் காப்பக ஆயா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கட்டிவைத்த தாய், கேட்டதை எழுதிய நீதிபதி, காதில் விழுந்ததை மட்டும் சொன்ன ஜெசிந்தா: இவர்களில் அன்று அந்த அறையில் பூவிழிக்கு அநீதி செய்தவர் யார்?

விடை: ஜெசிந்தா. தாய் செய்தது கொடுமைதான். அதற்கு அவள் எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொன்னாள். நீதிபதி தவறியிருந்தால் கேட்க மேலே ஒரு நீதிமன்றம் உண்டு. ஜெசிந்தாவின் பயமும் நியாயமானது. அதை அவள் வாய்விட்டே சொல்லியிருக்கலாம்: “போலாம்னு கூப்பிடுது சார், ஆனா அனுப்பாதீங்க.” தீர்ப்பு ஒருவேளை இதேபோல்தான் வந்திருக்கும். ஆனால் இப்போது, தாயை வேண்டாம் என்றவள் பூவிழிதான் என்று எழுதி, முத்திரையும் வைத்தாகிவிட்டது.