மருதமரத்தின் மூச்சு

மூடுபனியில் அரைத்தூக்கமாய்க் கிடக்கும் ஒரு குளம். அதன் கரையில் பெரிய மருதமரம். உடம்பெல்லாம் பொந்துகள்! வீடில்லாத உயிர்கள் குடியிருக்கக் காட்டுச் சபை கொடுத்த மரம் அது. பொந்துகளை ஒதுக்கும் பொறுப்பு ஒரு மரநாயிடம் இருந்தது.

பவளம் என்ற மைனா அங்கே நடையாய் நடந்தது. முட்டையிடும் வேளை நெருங்கிவிட்டது. பழைய கூட்டைப் புயல் கொண்டுபோய்விட்டது. வானமோ கறுத்துக்கொண்டே வந்தது.

"அண்ணே, ஒரு பொந்து கிடைக்குமா?"

"எல்லாம் நிரம்பிப்போச்சே தங்கச்சி! காலியானா முதல்ல உனக்குத்தான்!" என்றது மரநாய். அதன் வாயில் பலாப்பழ வாசனை கமகமத்தது.

சபை சும்மா இருக்கவில்லை. சிலந்தியைக் கொண்டு ஒவ்வொரு பொந்துக்கும் ஓர் இழை கட்ட வைத்திருந்தது. காற்றுப் படாமல் பட்டை இடுக்கு வழியே ஓடும் இழை. பொந்துக்குள் யாராவது மூச்சுவிட்டால் அதன் மறுமுனை அசையும். ஆனால் அத்தனை மறுமுனைகளும் இருந்தது எங்கே தெரியுமா? மரநாயின் பொந்துக்குள்! நல்ல கூத்து!

பவளம் சிலந்தியிடம் போனது. "அக்கா, இந்த முனைகளைக் குளக்கரைப் பாறை மறைவுக்குக் கொண்டுவாங்களேன். எல்லாரும் பார்க்கட்டுமே!"

"இதை இத்தனை நாளா யாருமே கேக்கலையேம்மா!" என்று சிலந்தி உடனே வேலையைத் தொடங்கியது.

மரநாய் சிரித்துக்கொண்டது. யாருக்கும் தெரியாமல் மூன்று பொந்துகளின் வாசலில் காய்ந்த புங்கங்காய்களை இழையோடு சேர்த்துக் கட்டியது. காற்றடித்தது. காய்கள் ஆடின. பாறையடியில் எல்லா இழைகளும் அசைந்தன.

"நிஜமாவே இடமில்லை போல!" என்று பார்க்கக் கூடியிருந்த உயிர்கள் கலைந்தன. பவளத்துக்கு அழுகையே வந்துவிட்டது. போக்கிடம் இல்லாமல் பாறையடியிலேயே தூங்கிப்போனது.

விடியலில் கண் விழித்தபோது காற்று ஓய்ந்திருந்தது. பனி இறங்கி, இழைதோறும் துளித்துளியாய் மின்னியது. ஆந்தையின் இழை மெல்ல அசைந்தது. அணிலின் இழை படபடத்தது. மரமே மூச்சுவிடுவது போல இருந்தது. பவளம் கனவில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தது.

மூன்று இழைகளில் மட்டும் துளிகள் அசையவே இல்லை.

"சிலந்தியக்கா! எல்லாரும் வாங்க!" என்று கத்தியது. "காத்து நின்னா மூச்சும் நின்னுபோற உயிர் எங்கேயாவது உண்டா?"

எல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தன. வாசலில் புங்கங்காய்! உள்ளே மரநாய் பதுக்கிய பலாச்சுளைகள்!

"அது... விருந்தாளி வந்தா..." என்று மரநாய் மென்று விழுங்கியது. சபை அதன் பொறுப்பை அன்றே பிடுங்கிக்கொண்டது.

மழை கொட்டியபோது பவளம் நனையவில்லை. கொஞ்ச நாள் கழித்து, ஒரு விடியலில், பாறையடியில் அதன் இழை புதுவிதமாய்த் துடித்தது. பவளத்தின் மூச்சோடு குட்டிக் குட்டி மூச்சுகளும் சேர்ந்திருந்தன.

ஊருக்கான விவரம் ஒருவர் கைக்குள் இருந்தால் அவருக்கு மட்டுமே லாபம். எல்லோர் கண்ணிலும் பட்டால்தான் எளியவருக்கு நியாயம் கிடைக்கும்.