கற்பூர மரம் நிமிர்ந்த நேரம்

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. மரம் வெட்டும் தொழிலில் அப்படியும் அமையும். முன்னால் வந்தவன் மேஸ்திரி, பின்னால் வந்தவர் கையாள். வேதமாணிக்கம் குணாளனை "மேஸ்திரி" என்பார். குணாளன் அவரை "அண்ணே" என்பான். இருவருக்கும் அதில் கூச்சம் இல்லை.

வேதமாணிக்கம் முன்பு தேயிலை லாரி ஓட்டியவர். முதலாளி லாரிகளை விற்றபோது வேலை போனது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மனைவி ஞானசுந்தரியும் அவரை விட்டுப் போயிருந்தாள். அவர் வாய்க்குப் பயந்து போனாள் என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னது பொய்யில்லை. கோபம் வந்தால் அந்த வாய்க்குப் பிரேக் கிடையாது.

அன்று வெட்ட வேண்டியது ஒரு கற்பூர மரம். குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர் லைன் வீட்டுக் கூரை மேல் வருஷக்கணக்காகச் சாய்ந்து நின்றது. மழைக்காலத்தில் அந்த வீட்டுக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கியதே இல்லை. காலையிலேயே பாத்திரம் பண்டம், கோழிக்கூடை எல்லாவற்றோடும் வந்து ரோட்டோரம் நின்றார்கள். மரம் தன் சாய்வுக்கே விழுந்தால் வீடு மிஞ்சாது. எதிர்ப்பக்கம் ஓடைச் சரிவு இருந்தது. அங்கே விழ வைக்க வேண்டும்.

வேலைக்கு முன்னால் இருவரும் பிளாஸ்க்கிலிருந்து டீ குடித்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை போயிருந்தேன் மேஸ்திரி," என்றார் வேதமாணிக்கம்.

"அண்ணியப் பாக்கவா?"

"ஆமா. மாசா மாசம் போறதுதானே. முன்னெல்லாம் கதவத் தெறக்க மாட்டா. ஏன்யா வந்தேன்னு தெருவே கேக்குற மாதிரி கத்துவா. ஒரு தடவ சொம்பைத் தூக்கி எறிஞ்சா. இந்தத் தடவ வாங்கன்னா."

"ம்."

"நாற்காலியத் தொடச்சுப் போட்டா. டீ குடுத்தா. சீனி போதுமான்னு கேட்டா. ஒரு வார்த்தை திட்டல." அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம்போல் ஆகிவிட்டது. "அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்பாங்க. வந்துருவால்ல மேஸ்திரி?"

குணாளன் டீயின் அடிமண்டியைக் கீழே ஊற்றினான்.

"மொதல்ல மரத்தப் பாப்போம்ணே," என்றான்.

வீட்டுப் பக்கம் அடிமரத்தில் ஒரு பொந்து வெட்டி, அதில் ஜாக்கியை உட்கார வைத்தான். எதிர்ப்பக்கம் முக்கோணமாக வாய் வெட்டினான். அப்புறம் வீட்டுப் பக்கமிருந்து மரம் அறுக்கும் வாளை ஓட விட்டான். ஜாக்கியிலிருந்து ஒரு குழாய் பின்னால் ஓடியது. அதன் மறுமுனையில் இருந்த பம்பு வேதமாணிக்கத்தின் கையில்.

"அவசரம் வேணாம். நான் அறுக்க அறுக்க மெல்ல அடிங்க. மரம் அசஞ்சா நிறுத்திப் பாருங்க, அப்புறம் அடிங்க. அது ஓடைப் பக்கம் போற வரைக்கும் விடக்கூடாது."

வேதமாணிக்கம் அடித்தார். ஜாக்கி அவருக்குப் புதிதில்லை. எத்தனையோ கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்கு அடியில் படுத்து வைத்திருக்கிறார். ஆனால் இந்த ஜாக்கி தூக்கியது லாரியை இல்லை. அறுத்த இடம் விரிய விரிய, குணாளன் அதில் ஆப்புகளைச் செருகி வந்தான். உச்சிக் கிளைகள் கூரையை விட்டு ஒரு சாண் விலகின. பிறகு ஒரு முழம். ரோட்டில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

மரம் எழுந்து வந்தது. நேராக வந்தது. பிறந்ததிலிருந்து கோணலாகவே நின்ற மரம், கோவில் கொடிமரம் மாதிரி நட்டமாக நின்றது. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்தார் வேதமாணிக்கம். இப்படியே இருந்துவிடாதா என்று ஏங்கினார்.

அவர் கை நின்றுவிட்டது. லாரி ஓட்டியவரின் கை அது. தூக்கியது மட்டத்துக்கு வந்தால் நிறுத்தித்தான் அதற்குப் பழக்கம்.

சரிவிலிருந்து காற்று ஏறி வந்தது. மரத்துக்குள் ஏதோ முனகியது. உச்சி மறுபடி வீட்டைப் பார்த்து அசைந்தது.

குணாளன் வாளைப் போட்டுவிட்டுச் சுத்தியால் ஆப்பை இறுக்கினான்.

"அண்ணே, கை நின்னுருச்சு," என்றான். "அடிங்க."

"நேரா நிக்குது மேஸ்திரி."

"அடிங்கண்ணே."

வேதமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். முறியும் சத்தம் கேட்டது. அப்புறம் காற்று, இலை, தரையின் அதிர்வு. கண்ணைத் திறந்தபோது மரம் ஓடைச் சரிவில் கிடந்தது. கூரையில் ஒரு ஓடுகூட நகரவில்லை.

ஊரெல்லாம் கற்பூர வாசம். வீட்டுக்காரர்கள் கோழிக்கூடையோடு உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுப் பெண் இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். இரண்டு நாற்காலிகளை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க. சீனி போதுங்களா?" என்று வேதமாணிக்கத்தைக் கேட்டாள்.

அவர் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். டம்ளர் வாய்க்குப் போகவில்லை. ஞானசுந்தரி இருபத்தாறு வருஷம் அவருக்கு டீ போட்டவள். கூட இருந்தவரை ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

அந்தப் பெண் போன பிறகு, அடிக்கட்டையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நேரா நின்னுச்சே மேஸ்திரி. நீங்களும் பாத்தீங்கல்ல?"

"பாத்தேண்ணே."

"இத்தன காலம் கோணிக்கிட்டு நின்ன மரம். அப்படியே விட்டிருந்தா நின்னிருக்காதா?"

குணாளன் வாளின் பற்களிலிருந்து மரத்தூளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அறுத்ததுக்கு அப்புறம்தானேண்ணே அது நிமிர்ந்துச்சு."