பையின் அடுத்த இலக்கம்

முதல் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. டெல்பினுக்கு இப்போது மறுபடியும் எட்டாம் மாதம். குழந்தைக்கென்று பழைய வேட்டித் துணிகூடக் கிழித்துத் துவைத்து வைக்கவில்லை. பெயர் யோசிக்கவில்லை. வயிற்றில் கை வைப்பதையே விட்டுவிட்டாள்.

பள்ளியில் தனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் எமரன்சியாவைத் தேடி மடத்துக்குப் போனாள். சிஸ்டர் தோட்டத்தில் மாங்கன்றுக்கு வட்டப் பாத்தி போட முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார்.

"வாடி, மஞ்சப்பை."

வட்டக் கணக்கில் வரும் ‘பை’ என்ற எண்ணை எழுதச் சொன்ன அன்று, காதோடு ஒரு மஞ்சப்பையை வரைந்து நீட்டியவள் டெல்பின். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் சிரிக்கவில்லை.

"சிஸ்டர், அந்தப் பைக்கு முடிவே கிடையாதா?"

"கிடையாது. மூன்று புள்ளி ஒன்று, நான்கு, ஒன்று, ஐந்து, ஒன்பது... போய்க்கொண்டே இருக்கும். நிலாவுக்கும் அதே பை, தோசைக்கும் அதே பை."

"எவ்வளவு தூரம் கண்டுபிடித்திருக்கிறார்கள்?"

"எவ்வளவோ தூரம். அதற்கு அப்புறமும் யாரும் பார்க்காத இலக்கம் ஒன்று இருக்கும்."

"பார்க்காததை எப்படி நம்புவது?"

சிஸ்டர் ஒரு கயிற்றை எடுத்தார். கயிற்றின் ஒரு முனையை முளையில் கட்டினார். மறுமுனையில் ஒரு குச்சியைக் கட்டி அவள் கையில் கொடுத்தார்.

"கயிறு தொய்யாமல் சுற்றி வா. மெதுவாக."

டெல்பின் மூச்சு வாங்கச் சுற்றினாள். செம்மண்ணில் கோடு விழுந்துகொண்டே வந்தது. புறப்பட்ட இடத்துக்கே வந்து முட்டியது.

"எத்தனை இலக்கம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு சுற்றினாய்?"

"ஒன்றுகூட இல்லை, சிஸ்டர்."

"கோடு?"

"சேர்ந்துவிட்டது."

"முடிவில்லாதது அத்தனையும் இதற்குள்தான் இருக்கிறது. ஒரு இலக்கம்கூட வெளியே சிந்தவில்லை, பார்."

டெல்பின் பார்த்தாள். ஓர் எட்டு வைத்தால் தாண்டிவிடலாம், அவ்வளவு சின்ன வட்டம். தாண்டக் கால் வரவில்லை. கோட்டை மிதிக்காமல் மெல்லப் பின்னால் நகர்ந்தாள்.

குச்சியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"கருப்பையும் பைதானே, சிஸ்டர். இதில் அடுத்து என்ன வரும்?"

"எனக்குத் தெரியாதும்மா."

கன்றுக்குத் தண்ணீர் எடுக்க சிஸ்டர் வாளியைத் தூக்கினார். டெல்பின் சட்டென்று "அம்மா" என்றாள். குச்சி கீழே விழுந்தது. கை தானாக வயிற்றுக்குப் போயிருந்தது.

"என்னடி?"

"உதைக்கிறது."

"அடுத்த இலக்கம்," என்றார் சிஸ்டர்.

டெல்பின் கையை எடுக்கவில்லை.