இணையத்தில் ஏறாத தீர்ப்பு

வாங்கின மாசமே தையல் மெஷின் துருப்பிடித்துவிட்டது என்று ஆவுடையம்மாள் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். அவளுக்கு வக்கீல் கிடையாது. கையில் ஒரு செல்போன்தான். கம்பெனிக்கோ பெரிய வக்கீல் திருவேங்கடம்.

"துருவுக்குக் கம்பெனி பொறுப்பில்லை. கனடாவிலேயே தீர்ப்பு இருக்கிறது" என்றார் அவர். அடுத்த வாய்தாவுக்குள் கனடா கோர்ட்டுகளின் இணையதளத்தைத் துழாவி, அப்படி ஒன்று இல்லை என்று ஆவுடை வந்து சொன்னாள். வக்கீல் அசரவில்லை, ஆஸ்திரேலியாவுக்குத் தாவினார். அவளும் போனிலேயே ஆஸ்திரேலியா போய் வெறுங்கையோடு திரும்பினாள்.

மூன்றாம் வாய்தாவில் வக்கீல் நேபாளத்தில் இறங்கினார். "அது இணையத்தில் ஏறாத தீர்ப்பு. நான் புத்தகத்தில் வரிவரியாகப் படித்தது."

ஆவுடை கைகூப்பினாள். "அய்யா, அது நேபாளத்துக் கடற்கரையில கடை வச்சிருந்த தையக்காரி வழக்குதான? உப்புக்காத்து பட்டுத் துருப்பிடிச்சுதுன்னு?"

"அதேதான்! இந்தம்மாவுக்கே தெரிந்திருக்கிறது!"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேபாளத்துல கடல் எந்தப் பக்கம், வக்கீல் சார்?"

வக்கீல் வாய்தா கேட்டார்.

"எதுக்கு, கடல் வந்து சேரவா?" என்ற நீதிபதி, ஆவுடைக்குப் புது மெஷின் கொடுக்கச் சொல்லி அன்றே தீர்ப்பளித்தார்.

அது மறுநாளே இணையத்தில் ஏறிவிட்டது.