முதல்வருக்கு ஒரு பொன்னாடை

பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வென்ற மங்களேஸ்வரிக்கு, அதைத் தன் கையால் வாங்க வழியில்லை. மேடையில் அவளுடைய சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கிடையாது.

"ஒரு ஆளுக்காகப் பலகை போடணுமா? உன் சார்பா யாரையாவது மேல அனுப்பும்மா" என்று கல்லூரி முதல்வர் கைகழுவிவிட்டார்.

தோழி நஸ்ரின் கொதித்தாள். "விழாவுக்கே போகக்கூடாதுடி!"

"போகாம எப்படி? பொன்னாடை போர்த்தணுமே!"

முதல் பரிசு பெற்றவர்தான் முதல்வருக்குப் பொன்னாடை போர்த்துவது அங்கே வழக்கம். விழாவில் அவள் பெயரை அழைத்ததும் முதல்வர் கேமராவைப் பார்த்துக் கழுத்தை நீட்டினார். நீட்டியபடியே நின்றார். சண்டைக்குத் தொண்டை கிழிய வேண்டியதில்லை என்று நஸ்ரினுக்கு அப்போதுதான் உறைத்தது.

பொன்னாடையை மடியில் வைத்தபடி, மங்களேஸ்வரி கீழிருந்தே மைக்கை வாங்கினாள்.

"நான் ரெடி, சார். உங்க சார்பா யாரையாவது கீழ அனுப்புங்க, போர்த்திவிடுறேன்!"