மும்தாஜ் எங்கே?

"என் தாஜ்மஹாலை மட்டும் ஏன் மேடம் கவிழ்க்க மாட்டேங்கறீங்க?"

தணிகாசலம் இப்படிக் கேட்டபோது பிலோமினா பாரின் கழுவுத் தொட்டியருகே நின்று, மேஜைகளிலிருந்து திரும்பி வந்த கிளாஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அவள் வழக்கம்.

பெங்களூரில் காக்டெய்ல் கலக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அவளிடம்தான் வருவார்கள். அவளோ சீடர்கள் கலந்ததை வாயில் வைத்துக்கூடப் பார்க்க மாட்டாள். கழுவப் போகிற கிளாஸைத்தான் பார்ப்பாள். காலியாக வந்தால் தன் கையாலேயே கவிழ்த்து வைப்பாள். மிச்சத்தோடு வந்தால் நிமிர்ந்தபடியே விட்டுவிடுவாள்.

கவிழ்த்தால் பாஸ். மற்றபடி பாராட்டு, கைதட்டல், மண்ணாங்கட்டி எதுவும் கிடையாது.

தணிகாசலத்துக்கு ஐம்பத்தொரு வயது. சொகுசுக் கப்பல்களில் உலகத்தைச் சுற்றி வந்தவர். அவளுக்கு முப்பத்து மூன்று. அவளிடம் போய்ச் சீடனாக நிற்க அவர் கூச்சப்படவில்லை. அவள் கலந்ததை ஒரே ஒரு தடவை குடித்துப் பார்த்திருந்தார். அதற்கப்புறம் வயசாவது ஒன்றாவது.

ஆனால் ஒரு ஆசை இருந்தது. கப்பலில் அவர் எப்போதும் இரண்டாவது ஆள். யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று ஐஸ் உடைத்தே காலம் போயிற்று. ஒரு தடவையாவது கவுண்டரின் நடுவில், சொந்தக் கணக்கில் நிற்க வேண்டும்.

பிலோமினாவுக்கு நிறைமாதம். பிரசவத்துக்குப் போகும்போது கவுண்டர் சாவியை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். அவள் கொடுக்காவிட்டால் முதலாளி மும்பையிலிருந்து ஆள் கொண்டுவருவார்.

"உங்க ஷாஜகான்-மும்தாஜ் கிளாஸ் என்னைக்குக் காலியா வருதோ, அன்னைக்கு சாவி உங்களுக்கு" என்று சொல்லியிருந்தாள்.

அந்த மாதத்து மெனுவே சரித்திரக் காதல்கள்தான். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு காக்டெய்ல். எல்லாம் தணிகாசலத்தின் கைவண்ணம்.

நெப்போலியன்-ஜோசபினுக்கு பிராந்தியும் ரோஜாவும். கவிழ்த்துவிட்டாள்.

ஆண்டனி-கிளியோபாட்ராவுக்குப் புளிப்பான ஒரு கலவை. முத்தை வினிகரில் கரைத்துக் குடித்தாளாமே அந்த மகராசி, அதற்காக அடியில் ஒரே ஒரு ஜவ்வரிசி. நிஜ முத்து போட முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. அதையும் கவிழ்த்துவிட்டாள்.

ஷாஜகான்-மும்தாஜ்தான் அவருடைய உயிர். உயரமான கிளாஸ். அதன் வாயை மூடிச் சர்க்கரைப் பாகில் இழைத்த கும்மட்டம். அதன்மேல் வெள்ளி ரேக்கு. நாலு பக்கமும் மினார் மாதிரி சர்க்கரைக் குச்சிகள். அடியில் தேங்காய்ப் பால், ஜின், பன்னீர்.

அது ஒரு மேஜைக்குப் போனால் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். எல்லார் போனும் வெளியே வரும்.

பிறகு, கும்மட்டம் கலையாமல், கிளாஸ் அப்படியே தொட்டிக்குத் திரும்பி வரும்.

"உடைக்க மனசே வரலைங்கறாங்க மேடம்" என்றார் தணிகாசலம். குரலில் பெருமை வழிந்தது.

பிலோமினா அந்த கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"மும்தாஜ் எங்கேண்ணே?"

"என்ன மேடம், இது மொத்தமும் அவளுக்காகத்தானே?"

"அவளுக்காக, சரி. அவ எங்கே?"

கிளாஸ் நிமிர்ந்தபடியே நின்றது.

மறுநாள் கும்மட்டத்தை இன்னும் பெரிதாக்கினார். வெள்ளி ரேக்கை இரண்டு மடங்காக்கினார். கிளாஸைச் சுற்றி மல்லிகை மொட்டு வைத்தார்.

ஒரு கல்யாண கோஷ்டி அதைச் சுற்றி நின்று படம் எடுத்தது. மணப்பெண் மட்டும் தாகமாக இருக்கிறதென்று சோடா வாங்கிக் குடித்தாள்.

"அவ எங்கேண்ணே?"

தணிகாசலத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாத்திருந்தா பரவாயில்ல மேடம். வாயிலயே வைக்காம குறை சொன்னா எப்படி?"

"காசு குடுத்து வாங்கினவங்களே வாயில வைக்கல. நான் எதுக்கு வைக்கணும்?"

அவர் அன்றைக்குச் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார். புத்தகங்களைப் புரட்டினார். மும்தாஜ் பதினாலாவது பிரசவத்தில், புருஷனோடு படையெடுப்புக்குப் போன இடத்தில் செத்துப்போனாள் என்று போட்டிருந்தது. பதினாலு பெற்றவள் அவள். பெயர் வாங்கியது என்னவோ கட்டடம்.

அதைப் படித்தும் அவருக்குக் கட்டடம்தான் கண்ணில் நின்றது. ஆனால் ஒரு பதில் கிடைத்துவிட்டது. மறுநாள் ஓடோடி வந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன் மேடம். அவ கும்மட்டத்துக்கு அடியில இருக்கா. ஆக்ராவுலயும் அடியிலதானே இருக்கா!"

பிலோமினா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்க அவ செத்துட்டாண்ணே."



அந்த வாரமே ஒரு பிற்பகல். பார் இன்னும் திறக்கவில்லை. முதலாளி வந்து பார்ப்பதற்காக, தணிகாசலம் தன் வாழ்நாளிலேயே பெரிய கும்மட்டத்தை இழைத்து முடித்திருந்தார். ஒரு விரிசல் இல்லை. மினார்கள் நூல் பிடித்த மாதிரி நின்றன. வைக்க இடமில்லாமல் ஐஸ் பெட்டியின் மூடிமேல் வைத்து, இரண்டடி பின்னால் போய் நின்று அழகு பார்த்தார்.

பின்னால் ஒரு சத்தம்.

பிலோமினா கவுண்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"மேடம்!"

"ஒண்ணுமில்ல. இன்னும் ரெண்டு வாரம் இருக்குன்னு டாக்டர் சொன்னார். வயித்துல இருக்கறதுக்கு அது கேக்கலை போல."

"வண்டிக்கு?"

"வீட்டுக்காரருக்கு போன் பண்ணிட்டேன். ஹெப்பாள் பாலத்து நெரிசல்ல நிக்கிறாராம்."

ஹெப்பாள் பாலத்தில் நிற்கிறவர்கள் எப்போது வருவார்கள் என்று பெங்களூரில் யாருக்கும் தெரியாது. தணிகாசலம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார்.

வலி ஒரு சுற்று வந்து போனது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணே. ஒரு மும்தாஜ் போடுங்க."

"இப்பவா?"

"பின்னே எப்ப?"

அவர் கை பழக்கத்தில் ஜின் பாட்டிலுக்குப் போனது. பாதி வழியில் திரும்பிவிட்டது.

இளநீரை எடுத்தார். எலுமிச்சையைப் பிழிந்தார். இஞ்சியை நசுக்கினார். கல் உப்பு இரண்டு கல். சர்க்கரை ஒரு சிட்டிகை. ஸ்ட்ராவின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் உப்பு.

ஐஸ் வேண்டும்.

பெட்டி மூடியின்மேல் கும்மட்டம் நின்றது.

முழங்கையால் ஒதுக்கினார். மினார்கள் முறியும் சத்தம் கேட்டது. கும்மட்டம் தரையில் விழுந்து சில்லுச் சில்லாகத் தெறித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பல் கூசாத அளவுக்கு இரண்டே துண்டு ஐஸ் எடுத்தார்.

நீளக் கிளாஸ்கள் அலமாரியில் வரிசையாக இருந்தன. வழுக்குமே என்று விட்டுவிட்டார். வேலையாட்கள் தண்ணீர் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார்.

"மெல்லம்மா. அவசரமில்ல. ஒவ்வொரு வாயா."

மேடம் எப்போது அம்மாவானாள் என்று அவருக்கே தெரியாது.

பாதியில் அடுத்த வலி வந்தது. அவள் அவர் மணிக்கட்டை நசுக்கினாள். இன்னொரு கையில் டம்ளரைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு அவர் காத்திருந்தார். வலி இறங்கியதும் மறுபடி உதட்டருகே கொண்டுபோனார்.

கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

பிறகு டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கினாள். உள்ளே பார்த்தாள். கவுண்டரின் நட்டநடுவில் டக்கென்று கவிழ்த்தாள்.

இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து அதன்மேல் வைத்தாள்.

கீழே தெருவில் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி, தரையில் கிடந்த சர்க்கரைச் சில்லுகளைத் தாண்டி வாசல்வரை நடந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அந்த வலியிலும் முகத்தில் குறும்பு.

"எல்லாம் சரி. இதுல ஷாஜகான் எங்கேண்ணே?"

தணிகாசலம் சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முதுகை நிமிர்த்தினார். எந்தக் கப்பலில், எந்தக் கேப்டன் முன்னாலும் அவர் அப்படி நின்றதில்லை.

"கீழே ஹாரன் அடிச்சிட்டிருக்கார்" என்றார். "கையக் குடும்மா, படி பாத்து."